கூலிக்காய் கேட்ட சிஸ்டர் அசுந்தா

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் கோவிலில் இரண்டாம் பூசை. சாமியார் பிரசங்கத்தை முடித்துக் கல்யாண ஓலைகளை வாசித்தார். திருநாளுக்கு முன் தேர்வடம் மாற்ற வேண்டும் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நம் பள்ளிக்கூடத்தில் முன்பு இருந்த சாந்தகுணமுள்ள சிஸ்டர் அசுந்தா புதுச்சேரியில் மரித்தார். அவர் ஆத்துமத்துக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்" என்றார். சொன்னோம். வெளியே வந்து சாமியாரிடம் கேட்டேன். அடக்கம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"முன்னமே சொல்லி அனுப்பியிருக்கலாமே, சாமி" என்றேன்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

அவர் இந்த ஊருக்குப் புதியவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவருக்கு முன்பிருந்தவர்கள் சிஸ்டரின் பெயரை எப்படித் துடைத்து வைத்திருந்தால் இந்தக் கேள்வி அவர் வாயில் வந்திருக்கும்! அவரை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாம் அழுது ஆறிவிட வேண்டும் என்பதற்காக அல்ல.

சாந்தகுணம் என்ற சொல்லை முதலில் எடுத்துப் போட்டுவிடுகிறேன். விடுதியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். உளுத்துப்போன பருப்பை அனுப்பிய கடைக்காரனிடம் மூட்டையோடு போய், அவன் கல்லாவின்மேல் கொட்டிவிட்டு வந்தவர் அவர். கோபம் வந்தால் அவர் கழுத்து சிவக்கும், பிறகு காது சிவக்கும், அதற்குப் பிறகு நாம் அங்கே இருக்கக் கூடாது.

அவர் இத்தாலியில் வெனிஸ் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நம் மடத்தில் மற்ற கன்னியர் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்கள், படித்த குடும்பத்தார். அவர்கள் வகுப்பறைக்குப் போனார்கள். இவரைச் சமையற்கட்டுக்கு அனுப்பினார்கள். தமிழை அவர் எந்த முன்ஷியிடமும் படிக்கவில்லை. விறகு சுமந்து வந்த பெண்களிடமும் பாத்திரம் துலக்கிய பெண்களிடமும் கற்றார். அதனால் அவர் வாயில் வந்தது நம் சேரித் தமிழ். "இன்னா டீச்சர், சாப்டுக்கினியா?" என்று வெள்ளை அங்கியோடு நின்று அவர் கேட்கும்போது, மடத்துத் தலைவியான மதர் கண்ணை மூடிக்கொள்வார். கிளியனூருக்குப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்து, வாத்தியார்ப் பயிற்சி முடித்து, என் சொந்தப் பேச்சை மறைத்துக்கொண்டு நின்ற எனக்கு முதல் மாதம் அது என்ன நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது.

யுத்தத்துக்கு முன்னே ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி மடத்துக்கு வந்தார். விடுதிக்குக் கட்டடம் கட்டித்தர அவர் தயவு வேண்டியிருந்தது. இத்தாலிக்காரி ஒருத்தி இங்கே இருக்கிறாளாமே, எனக்கு இத்தாலியச் சாப்பாடு வேண்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்பட்டார். மதர் சரி என்றார். சிஸ்டர், "எந்த ஊரு சாப்பாடு வேணுமாம்?" என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். இத்தாலியச் சாப்பாடு என்றால் இத்தாலியச் சாப்பாடுதான் என்று பதில் வந்தது.

"அப்படி ஒண்ணு இல்ல டீச்சர். வடக்கே வெண்ணெய், தெக்கே எண்ணெய். எங்க பக்கம் அரிசி உண்டு, களி உண்டு. நேபிள்ஸ்காரன் அரிசியப் பாத்தா நோயாளிக்கான்னு கேப்பான். ஜெனோவாக்காரன் பச்சை இலைய நம்ம தொவையல் மாதிரி அரைச்சிக்கினு இருப்பான். அவன் தொவையல எங்கம்மா பாத்ததேயில்ல. எந்த வீட்டுச் சாப்பாடுன்னு கேளு. பெரிய வீட்டு விருந்தா, எங்க வீட்டுச் சாப்பாடா?"

அந்த அம்மாள் சிரித்து, "அவள் வீட்டில் என்ன சாப்பிட்டாளோ அதுதான்" என்றார். அது போதும். அன்று இரவு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஒரு மரப் பலகைமேல் கேப்பைக் களியைக் கொட்டி, நூலால் அறுத்து வைத்தார் சிஸ்டர். மக்காச்சோளம் கிடைக்கவில்லை, கேப்பைதான் கிடைத்தது. மேலே விட்டத்திலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு கருவாடு தொங்கியது.

"களிய எடுத்து அதுமேல ரெண்டு தடவ தேச்சிட்டு சாப்புடச் சொல்லு. மீனத் தின்னக் கூடாது. மீன் நாளைக்கும் வேணும், நாளானைக்கும் வேணும்."

நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் முதலில் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. பிறகு அந்த அம்மாளும் சிரிக்கவில்லை. கட்டடம் வரவில்லை. மதர் ஒரு வாரம் சிஸ்டரோடு பேசவில்லை. இது நடந்ததை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேடிக்கை காட்டவில்லை. வீட்டில் சாப்பிட்டதைக் கேட்டார்கள், அதை வைத்தார்.

அவரோடு சரிக்குச் சரியாகச் சண்டை போட்ட ஒரே ஆள் பாதர் ஜெனாரோ. பனமலைப் பக்கத்துக் கிராமங்களைப் பார்த்துவந்த நேபிள்ஸ்காரச் சாமியார். மாதத்தில் ஒரு முறை திண்டிவனம் வருவார். வந்தால் முறுக்கு உழக்கை எடுக்கச் சொல்லி, சம்பா கோதுமை மாவைப் பிசைந்து பிழிந்து, வெந்நீரில் வேகவைத்து, சீமைத் தக்காளியை நல்லெண்ணெயில் வதக்கி ஊற்றிச் சாப்பிடுவார். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். சிஸ்டரோ இப்படி. இரண்டு பேரும் இத்தாலிய மொழியில் தொடங்கி, வெற்றி தோல்வி தெரியாமல், எங்களிடம் தமிழில் நியாயம் கேட்பார்கள்.

"ஆசிரியை அவர்களே, இவருடைய நாட்டாரை நாங்கள் களி தின்னிகள் என்று அழைப்போம்" என்பார் பாதர்.

"சொல்லட்டும் டீச்சர். இவங்க தாத்தாவோட தாத்தன்லாம் கீரை தின்னிங்க. கேளு, இல்லேன்னு சொல்லட்டும்."

"உண்மைதான்" என்று பாதர் ஒப்புக்கொள்வார். "முன்பு நேபிள்ஸ் ஏழைகள் முட்டைக்கோசும் கீரையுமே உண்டார்கள். பிற்பாடுதான் மாவைப் பிழியும் யந்திரம் மலிந்து, தெருவில் கையால் அள்ளி உண்ணும் பண்டமாக மக்கரோனி ஆனது. அப்போதும் தக்காளி இல்லை. தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்து, வெகுகாலம் தோட்டத்தில் அழகுக்கு நின்ற செடி."

சிசிலித் தீவில் மீனோடு திராட்சை வற்றல் போடுவார்கள், அது அரபுக்காரர்கள் ஆண்ட காலத்துப் பழக்கம் என்று அவர்தான் சொன்னார். வெனிஸ் பிரபுக்கள் திருநாளில் பச்சைப் பட்டாணி போட்ட சோறு உண்பார்கள் என்றும் சொன்னார். உடனே சிஸ்டர் குறுக்கே வந்தார். "அந்த நெல்ல நட்டது எங்கம்மா. முட்டி ஆழத் தண்ணில நின்னுக்கினு நட்டா. ஒரு பட்டாணி அவ வாயில போனதில்ல. ஒவ்வொரு ஊரு சமையலும் இன்னா தெரியுமா டீச்சர்? எடுத்துக்கினு போனவன் இன்னாத்த உட்டுட்டுப் போனான்றதுதான். நெல்லு எடுத்துக்கினான், கோதுமைய எடுத்துக்கினான், மக்காச்சோளத்த உட்டான். அதுக்குப் பேரு எங்க ஊரு சமையலு."

பாதர் தன் தட்டிலிருந்ததை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அவர் பக்கம் தள்ளினார். சிஸ்டர் அதைத் தொடவில்லை. தக்காளிச் சாறு ஊற்றிய எதையும் சாகும்வரை சமைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

இத்தாலி யுத்தத்தில் சேர்ந்ததும் பாதர் ஜெனாரோ சர்க்காருக்கு எதிரி ஆகிவிட்டார். கிராமத்தில் குளிர்காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா கொடுத்துக்கொண்டிருந்தவரை, கையிலிருந்த பொட்டலத்தோடு அழைத்துப் போனார்கள். வடக்கே ஏதோ முகாமுக்கு அனுப்புவதற்காக விழுப்புரம் ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். சிஸ்டரை மடத்திலேயே இருக்கவிட்டார்கள், போலீசில் கையெழுத்துப் போட வேண்டும், அனுமதியில்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. அன்று அனுமதி வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனார்.

பிளாட்பாரத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "ஜல்தி பேசிட்டுப் போங்க சிஸ்டரம்மா, எனக்குப் பேஜாரு ஆயிடும்" என்றார். சிஸ்டர் தூக்குப்பாத்திரத்தைத் திறந்தார். மக்கரோனி. தக்காளிச் சாறு ஊற்றியது. அந்தக் காலத்தில் திண்டிவனத்தில் தக்காளிக்கு அவர் எங்கே அலைந்தாரோ! பாதர் ஒரு வாய் தின்றார். எங்களுக்காகத் தமிழில் சொன்னார்: "உப்புக் குறைவு."

"ஊருக்குக் கப்பல்ல போறப்ப கடல்ல அள்ளிப் போட்டுக்கோங்க" என்றார் சிஸ்டர்.

வண்டி போனபிறகு அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அந்த ஆளு இன்னா பண்ணாரு? யாரைச் சுட்டாரு?" என்று திண்டிவனம் வருகிறவரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரைப் பேசாமலிருக்கச் சொல்லவில்லை. பாதர் ஜெனாரோ திரும்பி வரவேயில்லை. யுத்தம் முடிந்ததும் முகாமிலிருந்தே கப்பலேற்றிவிட்டார்கள்.

இனி நான் எழுதப்போவதை இரங்கல் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மழை பொய்த்துக் கேப்பை கருகிப்போயிற்று. பர்மா அரிசி நின்று பல வருஷம் ஆகியிருந்தது. ரேஷன் கடையில் மஞ்சள் மக்காச்சோளம் போட்டார்கள். சேரியில் காலையில் அந்தக் கூழ், இரவில் அந்தக் களி. மாதக்கணக்கில் அதுவே. ஒரு நாள் என் அக்கா மகள் ரோசலியைக் கூட்டிக்கொண்டு என் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. முகத்தில் உயிர் இல்லை. கழுத்தைச் சுற்றிலும் தோல் கறுத்து, வெடித்து, ஒரு மாலை போட்டதுபோல் இருந்தது. கைகளிலும் அப்படியே. வெயில் பட்ட இடமெல்லாம் தீய்ந்திருந்தது.

சிஸ்டர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிள்ளையின் கழுத்தைத் தொட்டார்.

"இது எங்கம்மா கழுத்து" என்றார்.

பெல்லாக்ரா என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். சொரசொரத்த தோல் என்று அர்த்தமாம். அவர் ஊரில் களியைத் தவிர வேறில்லாத வீடுகளில் வரும். முதலில் தோல், பிறகு வயிறு, பிறகு மூளை. அவருடைய அம்மாவைக் கடைசியில் ஒரு தீவிலிருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் சிறு பிள்ளையாகக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் நல்லவர். பார்த்த மாத்திரத்தில், "ஆமாம், அதேதான். கொஞ்ச நாளாவே இப்படி வந்துக்கிட்டுதான் இருக்காங்க" என்றார்.

"மருந்து?"

"மருந்து சாப்பாடுதான் சிஸ்டர். பால், முட்டை, கறி. அது முடியாட்டி பருப்பு, வேர்க்கடலை. நான் சீட்டுல எழுதித் தர்றேன். எந்தக் கடையில குடுப்பாங்க?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. தெரியாமல் நடந்திருந்தால் மன்னிக்கலாம்.

வேர்க்கடலை! திண்டிவனத்தைச் சுற்றிலும் எங்கே திரும்பினாலும் மல்லாட்டைதான். எங்கள் பெண்கள்தான் பிடுங்குகிறார்கள், செடியிலிருந்து காய் ஆய்கிறார்கள். ஆய்ந்த காயில் ஒரு பங்கு கூலிக்காய் என்று கொடுப்பது அதுவரை வழக்கம். அந்த வருஷம் எண்ணெய் மில்காரர்கள் போட்டி போட்டு விலை ஏற்றியிருந்தார்கள். கிளியனூர்ப் பக்கம் பெரிய நிலமும் திண்டிவனத்தில் மண்டியும் வைத்திருந்த ஒருவர் கூலிக்காயை நிறுத்தினார். அதற்குப் பதில் மக்காச்சோள மாவு அளந்தார். அவர் பெயரை எழுதமாட்டேன். கோவிலில் முதல் வரிசை நாற்காலி அவருக்கு. உங்களுக்குத் தெரியும்.

அறுவடை தொடங்கிய அன்று சிஸ்டர் மதரிடம் சொல்லாமல் மாட்டுவண்டி ஏறினார். நானும் போனேன். என் அம்மா அந்தோணியம்மாளோடு சேரிப் பெண்கள் எல்லாரும் மல்லாட்டைக் கொல்லையில் குனிந்திருந்தார்கள். சிஸ்டர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் குந்தினார். பெண்களைக் கூப்பிட்டு, ரோசலியின் கழுத்து ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சொன்னார். தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். "வேலைய நிறுத்துங்கன்னு நான் சொல்லல. பசி உங்களுது. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்" என்று முடித்தார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் அம்மா கையிலிருந்த செடியைக் கீழே போட்டுவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்கள்.

மண்டிக்காரர் சைக்கிளில் ஆள் அனுப்பினார். பிறகு அவரே வந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர், நீங்க ஜெபம் பண்றவங்க. கூலி விஷயம் உங்களுக்கு இன்னாத்துக்கு?"

"எங்கம்மாவும் கூலிதான் ஐயா."

"இந்த ஜனங்க காலங்காலமா களி தின்றவங்க. அதான் அவங்களுக்கு ஒத்துக்கும். மல்லாட்டை குடுத்தா வித்துட்டுப் பூடுவாங்க."

"களி அவங்க சாப்பாடு இல்ல. நீங்க எடுத்துக்கினு போனதுல மிச்சம்." சிஸ்டரின் கழுத்து சிவந்துவிட்டது. "எங்க ஊரு ஆண்டையும் இதான் சொன்னாரு. மஞ்ச களிதான் அவங்களுக்கு ஒத்துக்கும்ன்னாரு. அவரு வீட்டுல யாரும் பைத்தியம் புடிச்சி சாகல."

மண்டிக்காரர் என் அம்மாவைப் பார்த்தார். "இன்னா அந்தோணியம்மா, நீயுமா?"

என் அம்மா எழுந்து நின்றாள். அவள் அவர் முன்னால் நிமிர்ந்து பேசி நான் கண்டதில்லை. "காயி குடுங்க ஆண்டே, புடுங்கறோம். மாவு வேணாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

அன்று அவர் கொடுக்கவில்லை. மறுநாள் வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவரப் பார்த்தார். அந்தப் பெண்கள் வந்து, வரப்பில் கூட்டமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, நாங்களும் மாவுக்கு வரமாட்டோம் என்று திரும்பிப் போனார்கள். வடகிழக்கே மேகம் கட்டியது. முற்றின காய் மண்ணில் கிடந்து மழை குடித்தால் முளைத்துவிடும். முதல் தூறல் விழுந்த சாயங்காலம் அவருடைய கணக்குப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு வந்து, "வழக்கப்படி காய் குடுக்கச் சொல்லிட்டாரு, ஏந்திரிங்க" என்றார். பெண்கள் மழையிலேயே பிடுங்கினார்கள். இருட்டும்வரை பிடுங்கினார்கள்.

அந்தக் காயை யாரும் விற்கவில்லை. வேகவைத்துத் தின்றோம், வறுத்துத் தின்றோம், இடித்துக் கூழில் போட்டோம். ரோசலியின் கழுத்து மெல்ல மெல்லத் தெளிந்தது. இன்று ஐந்தாம் வகுப்பில், என் வகுப்பில்தான் இருக்கிறாள். எங்கள் சேரியிலேயே இரண்டு பிள்ளைகளுக்குத் தெளியவில்லை. அறுவடைவரை அவர்கள் தாங்கவில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி எந்தப் பூசையிலும் ஜெபம் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மண்டிக்காரர் தோற்றதை மறக்கிறவரா? சத்துரு நாட்டுக்காரி கூலிக்காரர்களைக் கிளப்பிவிடுகிறாள் என்று மேலிடத்துக்குப் புகார் போனது. யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் சத்துரு நாடு! மதர் சிஸ்டரை அழைத்துப் பிரெஞ்சில் ஏதோ பேசினார். சிஸ்டர் தமிழில் பதில் சொன்னார், வராந்தாவில் நின்ற எங்களுக்கும் கேட்கட்டும் என்று: "நான் தப்பு பண்ணல மதர். போச்சொல்றீங்க, போறேன். தப்புன்னு மட்டும் சொல்லமாட்டேன்." கிறிஸ்மசுக்கு முன்பே புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரமாகப் பார்த்து வண்டி வந்தது. அங்கே அவரைத் துணி வெளுக்கும் வேலையில் போட்டார்கள். சமையற்கட்டுப் பக்கமே விடவில்லை.

ஒரு முறை போய்ப் பார்த்தேன். சோடாக்காரத்தில் கை வெந்து போயிருந்தது. நான் அழுதேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"இந்த வருசம் கூலிக்காய் குடுத்தாங்களா?" என்றார்.

"குடுத்தாங்க சிஸ்டர். உங்களாலதான்."

"இல்ல. நான் குந்தினதுக்காகக் குடுத்தாங்கன்னு நெனச்சிக்கினு இருக்காத. மழ வந்துச்சி, அதனால குடுத்தாங்க. மழ வராத வருசத்துக்கு நீங்க இன்னா பண்ணப்போறீங்க? அத யோசிச்சிக்கினு வா, அப்பால பேசலாம்."

அதற்குப் பிறகு பேசக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டு முறை போனபோதும் வாசலிலேயே, சிஸ்டர் தியானத்தில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் தியானம் பண்ணுகிற ஆளா? மாரடைப்பு என்கிறார்கள். துணி மூட்டையைத் தூக்கும்போது விழுந்தாராம். தியானம் பண்ணுகிறவர்களைத் துணி தூக்கச் சொன்னது யார் என்று கேட்க எனக்கு ஆளில்லை.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். சிஸ்டர் கன்னியர் மேசையில் மத்தியானம் சாப்பிட்டதேயில்லை. விடுதிப் பிள்ளைகளோடு வரிசையில் தரையில் உட்கார்ந்து, அவர்களுக்குப் போட்டதைத் தன் தட்டிலும் போடச் சொல்லிச் சாப்பிடுவார். அவர் போனபிறகு அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். இப்போது வந்திருக்கும் மதர் சின்ன வயதுக்காரர், கெட்டவர் அல்ல. போன மாதம் என்னைக் கூப்பிட்டு, டீச்சர்களுக்குத் தனி அறையில் சாப்பாடு வைக்கச் சொல்லியிருக்கிறேனே, நீங்கள் மட்டும் ஏன் தரையில் உட்காருகிறீர்கள் என்று கேட்டார்.

"பிள்ளைங்க பானையில இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியணும் மதர்" என்றேன்.

நேற்றும் வரிசையில்தான் உட்கார்ந்தேன். சோற்றில் ஊற்றிய பருப்பு வெறும் மஞ்சள் தண்ணீராக இருந்தது. கடைசிப் பருக்கைவரை தின்றுவிட்டு, கையைக் கழுவாமல் எழுந்து, சமையற்கட்டுக்குப் போனேன்.